‘எப்ப நடப்பேன்?’ இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லணும்? பிசியோதெரபி அறத்தின் 130 வருடக் கதை

நீண்ட பதிவுங்க. டீயோ மோரோ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2025 செப்டம்பர் 9. டெல்லியில் இருக்கும் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வருது. பிசியோதெரபிஸ்ட்டுகள் தங்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கக் கூடாது. மறுநாள், செப்டம்பர் 10, அதே அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம். விஷயத்தை இன்னும் ஆராய வேண்டியிருக்கு, நேத்து அனுப்பினதை வாபஸ் வாங்கினதா எடுத்துக்கோங்க.

அந்த ஒரே நாளில் எங்க டாக்டர்கள் வாட்ஸ்அப் குரூப்களில் பட்டாசு வெடிச்சு, மறுநாளே நமுத்துப் போச்சு. பிசியோ நண்பர்கள் பக்கம் அப்படியே தலைகீழ். ரெண்டு பக்கமும் பேசினது ‘மருத்துவ அறம்’ பத்தித்தான். ஆனா ஸ்க்ரோல் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன், நோயாளிங்கிற வார்த்தையை ரொம்பத் தேட வேண்டியிருந்தது.

நான் எம்பிபிஎஸ். சேலம் - நாமக்கல் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை. பட்டம் யாருக்குங்கிற சண்டைக்கு இன்னைக்கு வரல. அந்தச் சண்டை எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா, நம்ம வார்டில் தினமும் நடக்கிற ஒரு விஷயம் புரியும். அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த விஷயம்.

நம்ம பக்கம் ‘கை கால் விழுந்துடுச்சு’ன்னு சொல்வாங்க. பக்கவாதம். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம்னா லாரி ஓட்டுறவர், ரிக் வண்டியில் போறவர். பிபி மாத்திரையை ‘நல்லாத்தானே இருக்கேன்’னு நிறுத்தினவர். சிடி ஸ்கேன் எடுத்து, ஒரு வாரம் வார்டில் வெச்சு, டிஸ்சார்ஜ் எழுதுவோம். கடைசி வரி எப்பவும் ஒண்ணுதான்: பிசியோதெரபி தொடரவும்.

கிளம்பும்போது மனைவி டாக்டரைக் கேட்பாங்க. ‘எப்பங்க சார் நடப்பாரு?’ டாக்டர் சொல்வார்: ‘பிசியோ பண்ணுங்கம்மா, போகப் போகச் சரியாகும்.’

பிசியோகிட்ட போய் அதே கேள்வி. ‘அதை டாக்டரைத்தாம்மா கேட்கணும்.’

அவ்வளவுதான். கேள்வி ரெண்டு மேசைக்கும் நடுவில் தரையில் விழுந்து கிடக்கும். அதை மிதிச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் நடக்கிறோம்.

இது யாரோ ஒருத்தரோட அலட்சியம்னு நினைச்சிடாதீங்க. இது ஒரு காலத்தில் அறநெறியாகவே எழுதி வைக்கப்பட்டது. எப்படின்னு பார்ப்போம்.

லண்டன், 1894. அமெரிக்க டாக்டர் வெயர் மிட்செல் பிரபலப்படுத்திய ‘ஓய்வு சிகிச்சை’யால் மசாஜ் என்பது பெரிய ஃபேஷனா இருந்த காலம். நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி படுக்க வெச்சு, பால் கொடுத்து, கரண்ட் வெச்சு, உடம்பைப் பிடிச்சு விடுவாங்க. தேவை கூடினா போலியும் கூடும் இல்லையா? மசாஜ் நிலையம்னு போர்டு மாட்டி விபச்சாரம் நடத்துறாங்கன்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலே எழுதிச்சு. காசுக்கு சர்டிபிகேட் விற்கிற கதையும் அதில் உண்டு.

இதில் மாட்டிக்கிட்டவங்க, முறையா படிச்சு இந்தத் தொழில் செஞ்ச நர்ஸுகளும் மருத்துவச்சிகளும். நாலு பெண்கள் சேர்ந்தாங்க. ரோசலிண்ட் பேஜெட், லூசி ராபின்சன், எலிசபெத் மான்லி, மார்கரெட் பால்மர். பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு பிரிட்டனின் சார்ட்டர்ட் பிசியோதெரபி சங்கம் அதோட நேரடி வாரிசு.

அவங்க போட்ட விதிகள் நாலே நாலு. டாக்டர் சொல்லாம யாருக்கும் மசாஜ் செய்யக் கூடாது. ஆண்களுக்கு முழு உடம்பு மசாஜ் கூடாது, அவசரத்துக்கு டாக்டர் தனியா கேட்டுக்கிட்டா மட்டும் விலக்கு. மருத்துவப் பத்திரிகை தவிர வேற எதிலும் விளம்பரம் கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது.

நல்லா கவனிச்சுப் பாருங்க. ஒண்ணு டாக்டரைப் பத்தினது. ஒண்ணு ஊர் வாயைப் பத்தினது. ரெண்டு காசு பத்தினது. படுத்திருக்கிறவரோட சம்மதத்தைப் பத்தி ஒரு வரி இல்லை.

அதுக்காக அந்த நாலு பேரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. 1894-ல் பிரிட்டனில் பெண்ணுக்கு நாடாளுமன்ற ஓட்டே கிடையாது. தொட்டு வேலை செய்யும் பெண்ணைக் கேவலமாப் பேசுற ஊரில், ‘டாக்டர் சொல்லித்தான் தொட்டோம்’ங்கிறதுதான் அவங்களுக்குக் கிடைச்ச ஒரே கேடயம். தன் மானத்தைக் காப்பாத்திக்க எழுதின விதி அது. ஆனா கேடயம் கொஞ்ச நாளில் விலங்கா மாறும்.

மாறுச்சு. முதல் உலகப்போரில் கை கால் போன சிப்பாய்களால் இந்தத் தொழில் அமெரிக்காவிலும் வளர்ந்தது. 1921-ல் அங்கே சங்கம் வந்தது. 1935-ல் அந்தச் சங்கம் தன் முதல் அறநெறித் தொகுப்பை ஏத்துக்கிச்சு. அதில் என்ன இருந்தது தெரியுமா? நோயைக் கண்டுபிடிப்பது, நோய் எப்படிப் போகும்னு சொல்வது, சிகிச்சையை முடிவு செய்வது எல்லாம் முழுக்க முழுக்க டாக்டர் பொறுப்பு. பிசியோதெரபிஸ்ட் அதைத் தன் கையில் எடுத்தால் அது அறமீறல்.

திரும்பப் படிங்க. ‘நீங்க எப்ப நடப்பீங்க’ன்னு ஒரு பிசியோதெரபிஸ்ட் சொன்னா அது அறமீறல்.

‘டாக்டரைத்தாம்மா கேட்கணும்’ங்கிற பதிலோட வேர் அங்கே இருக்கு.

ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி, டாக்டர் அனுப்பாத நோயாளியைப் பார்ப்பது அறத்துக்கு எதிரானதுங்கிறதுதான் சங்கத்தின் முதல் அறவிதியே. 1976-ல் அதை அவங்களே நீக்கினாங்க. அடுத்த வருடம் பிரிட்டன் அரசும் ஒரு சுற்றறிக்கை மூலம், என்ன சிகிச்சைன்னு முடிவு செய்ய பிசியோதெரபிஸ்ட்டுக்கு உரிமை உண்டுன்னு ஏத்துக்கிச்சு. கிட்டத்தட்ட 80 வருஷம் ‘அறம்’னு சொல்லிட்டு இருந்தது ‘யார் கட்டளைக்கு யார் அடங்கணும்’ங்கிறதைத்தான்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். இங்கே இந்தத் தொழிலைக் கொண்டு வந்தது போலியோ.

பம்பாயில் பாத்திமா இஸ்மாயில்னு ஒரு அம்மா. 1940களில் அவங்க பொண்ணுக்கு இளம்பிள்ளை வாதம். அதுக்கு வைத்தியம் தேடி அவங்க வந்தது நம்ம மதராஸுக்கு, எலும்பு மருத்துவர் எம். ஜி. கினியிடம். தன் குழந்தைக்குக் கிடைச்சது மத்த குழந்தைகளுக்கும் கிடைக்கணும்னு 1947-ல் பம்பாயில் கிளினிக் ஆரம்பிச்சாங்க. கொஞ்ச வருஷத்தில் பம்பாயில் போலியோ பெருசாப் பரவ, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோட 1953-ல் கேஇஎம் மருத்துவமனையில் பிசியோதெரபி பள்ளி தொடங்கியது. 1955-ல் இந்திய பிசியோதெரபிஸ்ட்டுகள் சங்கம்.

பாடத்தோட சேர்ந்து லண்டன் பழக்கமும் வந்தது. டாக்டர் சீட்டு எழுதுவார், இவங்க செய்வாங்க.

ஆனா தமிழ்நாட்டில் வேற ஒரு கதையும் அதே சமயத்தில் நடந்துட்டு இருந்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடிச்ச பகுதி.

வேலூர் சிஎம்சி. 1940களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் மடங்கிப் போன விரல்களை நிமிர்த்த ஆரம்பிச்சார். வேலை செய்ற ஒரு தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலில் இணைக்கணும். அறுவை சில மணி நேரம்தான். அப்புறம்தான் உண்மையான வேலை. மூளைக்கு இந்த மாற்றம் தெரியாது. பழைய விரலை மடக்க நினைச்சா புது விரல் அசையும். வாரக்கணக்கா உட்கார்ந்து மூளைக்குப் பாடம் எடுக்கணும். பிரிட்டனைச் சேர்ந்த ரூத் தாமஸ் போன்ற பிசியோதெரபிஸ்ட்டுகள் அதைச் செஞ்சாங்க.

இங்கே ரெண்டு விஷயம் இருக்கு. தொழுநோயாளியை வீட்டார்கூட தொடாத காலம் அது. மத்த மருத்துவமனைகள் படுக்கை கொடுக்கவே யோசிச்ச காலம். அப்ப ஒருத்தர் தினமும் உங்க கையை எடுத்துத் தன் கையில் வெச்சுக்கிட்டு ‘இப்ப மடக்குங்க’ன்னு சொன்னா அது எப்படி இருந்திருக்கும்? லண்டனில் சந்தேகமாப் பார்க்கப்பட்ட அதே தொடுதல், வேலூரில் ஒரு மனுஷனை மறுபடி மனுஷனாக்கிச்சு.

ரெண்டாவது, அந்தக் கைக்கு வலி தெரியாது. நமக்குப் பயிற்சி அதிகமானா ‘ஐயோ, போதும்’னு கத்துவோம். அந்தக் கை கத்தாது. தோல் சூடாகுதா, வீங்குதான்னு சிகிச்சையாளர்தான் தொட்டுத் தொட்டுப் பார்க்கணும். நோயாளியால் ‘வேண்டாம்’னு சொல்ல முடியாத இடத்தில் அந்த ‘வேண்டாம்’ஐ இவர் கேட்டாகணும். 1894-ன் நாலு விதியிலும் இல்லாத அறம் இது. யாரும் சட்டமா எழுதல. வேலையே கத்துக் கொடுத்தது.

அதே வேலூரில் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வு போச்சு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செஞ்சாங்க. நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, வேலூரில் அதுக்குன்னு துறையையே உருவாக்கினாங்க. 1966-ல் மறுவாழ்வு மையம் திறந்தது.

மேரி வர்கீஸ் மறுபடி நடக்கல. ‘எப்ப நடப்பேன்’ங்கிற கேள்விக்கு ‘நடக்க மாட்டீங்க, ஆனா...’ன்னு ஆரம்பிக்கிற ஒரு பதில் உண்டுங்கிறதுக்கு அவங்க வாழ்க்கையே சாட்சி. அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் வர்ற வாக்கியத்தைச் சொல்லத்தான் நம்ம யாருக்கும் நேரமும் தைரியமும் இல்லை.

வேலூரை விட்டு நம்ம ஊருக்கு வருவோம். பிபிடி படிச்சவங்க சேலம் சமவெளிக்கு வர்றதுக்கு முன்னாடி இங்கே உடம்பைத் தொட்டு வைத்தியம் பார்த்தது யார்?

சுளுக்கு எடுக்கிறவங்க. காலு முதல்ல வந்து பொறந்தவங்க மிதிச்சா முதுகுப் பிடிப்பு போகும்னு நம்பிக்கை. எலும்பு முறிஞ்சா புத்தூர் கட்டு. ஆந்திராவில் இருக்கும் புத்தூர் ஒண்ணுதான், ஆனா நம்ம ஒவ்வொரு டவுனிலும் ஒரு ‘ஒரிஜினல்’ புத்தூர் போர்டு இருக்கும்! இவங்களுக்கெல்லாம் முன்னாடி, ஊருக்கு ஊர் பிரசவமும் வைத்தியமும் பார்த்தது முடிதிருத்தும் சமூகம். ‘மருத்துவர்’ங்கிறதே அவங்க பேர். ‘டாக்டர்’ பட்டத்துக்காகச் சண்டை போடுற ரெண்டு தரப்பும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஊரில் எல்லார் உடம்பையும் தொட்டு வைத்தியம் பார்த்தவங்களை, மத்த நாளில் வீட்டுக்குள்ளே விடாத ஊர் இது.

அதனால நம்ம ஊரில் தொடுறதுங்கிறது வெறும் ஆண் - பெண் விஷயம் மட்டும் இல்லை. சாதியும் அதில் இருக்கு. எந்தப் பாடப்புத்தகமும் இதைப் பிசியோ மாணவருக்குச் சொல்லித் தர்றதில்லை. எங்களுக்கும் சொல்லித் தரல.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டும் பெண்களுக்குத் தோள் வலி சாதாரணம். பெரிய ஹால், நாலு கட்டில், திரை இருக்கும், பாதி நாள் இழுக்க மாட்டாங்க. பயிற்சியாளர் இளைஞர். எதுக்கு, எங்கே தொடப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லாம ‘ஜாக்கெட்டை லூஸ் பண்ணுங்க’ன்னு சொன்னா அந்தம்மா என்ன செய்வாங்க? சத்தம் போட மாட்டாங்க. மறுநாள் வர மாட்டாங்க, அவ்வளவுதான். ரெஜிஸ்டரில் ‘ஒத்துழைப்பு இல்லை’ன்னு ஏறிடும். தோள் இறுகிப் போய், தலை வாரக் கை தூக்க முடியாம ஆறு மாசம் கழிச்சு மறுபடி வருவாங்க.

திரையை இழுக்க ஆகும் செலவு பூஜ்யம். ‘இங்கே தொடப் போறேன், சரிங்களா அக்கா?’ன்னு கேட்க ஆகும் நேரம் அஞ்சு நொடி. கூட வந்த பெண்ணைப் பக்கத்தில் நிக்கச் சொல்ல அதுவும் வேண்டாம்.

சம்மதம்னா எங்க ஆளுங்களுக்கே ஆபரேஷன் ஃபார்ம் கையெழுத்துதான் ஞாபகம் வரும். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. சோதனைக்குச் சம்மதிச்ச ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போது அவங்க அம்மாவிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையை எடுத்தாங்க. செல்லாதுன்னுடுச்சு கோர்ட். சுயநினைவுள்ள, வயசு வந்த ஒருத்தர் உடம்புக்கு அவங்க சம்மதம்தான் சம்மதம். வழக்கு அறுவை சிகிச்சை பத்தினதுதான். ஆனா நம்ம ஊர் வீடுகளில் நடக்கிறதை நினைச்சுப் பாருங்க. கட்டிலில் இருப்பவரைத் தவிர எல்லார்கிட்டயும் கேட்போம்.

இப்ப காசு விஷயம். இதைச் சொன்னா என் ஆளுங்களே அடிக்க வருவாங்க, பரவாயில்லை.

பக்கவாதத்தில் இயல்பா மீண்டு வர்றதில் பெரும்பகுதி முதல் மூணு மாசத்தில் நடக்கும். ஆறு மாசத்துக்குள் வேகம் குறையும். அப்புறமும் முன்னேற்றம் வரலாம், ஆனா மெதுவா, குறிப்பிட்ட செயல்களைக் குறிவெச்சுப் பழகினா. இது ஒளிக்க வேண்டிய ரகசியம் இல்லை. ஆனா இதைச் சொல்லாம விட்டா என்ன ஆகுது? பத்து சிட்டிங், அப்புறம் இன்னொரு பத்து. கரண்ட் வெக்கிறது, மெழுகு ஒத்தடம். தாலிக்கொடி தவிர மத்த நகை அடகுக்கடைக்குப் போகும். எட்டு மாசம் கழிச்சும் ‘இன்னும் கொஞ்ச நாள்’தான் பதில். நிறுத்த வேண்டிய நேரத்தில் ‘போதும், இனி வீட்டிலேயே இதைச் செய்ங்க’ன்னு சொல்றதுதான் இந்தத் தொழிலில் ரொம்பக் கஷ்டமான அறம். ஏன்னா அது சொல்றவரோட வருமானத்தையே வெட்டும்.

அந்த சிட்டிங்குக்கு அனுப்பி வைக்கிற சில டாக்டர்களுக்குப் பங்கு போறதும் ஊருக்கே தெரியும். நோயாளியை அனுப்பறதுக்குக் கமிஷன் வாங்கக் கூடாது, கொடுக்கக் கூடாதுங்கிறது 2002 மருத்துவக் கவுன்சில் நெறிமுறையில் தெளிவா இருக்கு. அது எங்களுக்கான விதி. பிசியோவுக்கு அறம் சொல்லித் தர்றதுக்கு முன்னாடி அதைச் சட்டம் போட்டு நம்ம கிளினிக்கில் மாட்டி வெச்சுக்கலாம்.

2021-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதுக்கு முன்னாடி டெல்லி, மகாராஷ்டிரா மாதிரி சில மாநிலங்களில் தனிக் கவுன்சில் இருந்தது, நாடு முழுக்க ஒரே விதி கிடையாது. புதுச் சட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் பரிசோதிக்கலாம், சிகிச்சை தரலாம், தனியாகவும் தொழில் செய்யலாம்னு வரையறையே இருக்கு. அறநெறிகளை வகுக்கும் பொறுப்பு ஆணையத்துக்கு. மாநிலங்கள் மெத்தனமா இருக்க, 2024-ல் உச்ச நீதிமன்றம் கெடு வெச்சு விரட்ட வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் வந்த புதுப் பாடத்திட்டத்தில்தான் அந்த ‘டாக்டர்’ சர்ச்சை. எல்லாரும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிட்டாங்க.

என் கருத்து வேற. சட்டம் ‘தனியாகத் தொழில் செய்யலாம்’னு சொன்ன நாளிலேயே 1935-ன் ஒளிவிடம் போயிடுச்சு. இனி ‘டாக்டரைத்தாம்மா கேட்கணும்’னு சொல்ல முடியாது. உரிமை கேட்டவங்க கூடவே பதில் சொல்லும் கடமையையும் வாங்கிக்கிட்டாங்க. அதே மாதிரி, ‘பிசியோ பண்ணுங்க, சரியாகும்’னு நாங்களும் தள்ளி விட முடியாது. ஒரு நோயாளியை ரெண்டு பேர் பார்த்தா, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி அந்த ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசி, ஒரே பதிலைக் குடும்பத்துக்குச் சொல்லணும்.

இது நம்ம ஊரில் நடக்குமா? நடக்குற ஒரு இடத்தைப் பார்த்திருக்கேன்.

2021 ஆகஸ்ட் 5. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஒரு காலத்தில் பழைய சேலம் ஜில்லாவில் இருந்த பகுதிதான் அது. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருதுங்கிறதுதான் எல்லாருக்கும் தெரியும். கூடவே வட்டாரத்துக்குப் பிசியோதெரபிஸ்ட்டும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீடு தேடிப் போறாங்க.

பிசியோ வீட்டுக்குள்ளே போனா லண்டன் விதி எதுவும் உதவாது. டாக்டர் பக்கத்தில் இல்லை. திரை இல்லை. மருமக, பேரன், பக்கத்து வீட்டம்மா, ஆடு எல்லாம் சுத்தி நிக்கும். கட்டிலில் இருக்கிறவர் தன் உடம்பை ஊரே பார்க்கக் காட்டணும்.

சங்ககிரி பக்கம் ஒரு வீட்டில் ஒரு பிசியோ தங்கச்சி வேலை செஞ்சதைக் கூட நின்னு பார்த்தேன். எழுபது தாண்டிய ஆயா, இடது பக்கம் விழுந்து ஏழு மாசம். மகன் வாசலிலேயே நின்னு, ‘நடக்க வெச்சுடுங்க மேடம், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை’ங்கிறார். இந்தப் பொண்ணு அவருக்குத் தலையாட்டிட்டு, சுத்தி நின்னவங்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிட்டு, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டாங்க.

‘ஆயா, உங்களுக்கு என்ன பண்ண முடிஞ்சா போதும்?’

ஆயா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சன்னமா, ‘ராத்திரி ஒண்ணுக்குப் போக மருமகளை எழுப்பக் கூடாது சாமி’ன்னாங்க.

‘பழைய மாதிரி தெருவுக்கு நடந்து போறது கஷ்டம் ஆயா. அதைச் செய்வேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இதுக்கு வழி பார்க்கலாம்.’

பேக்கைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்து, கட்டிலுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் அளந்தாங்க. பதினோரு அடி. சுவத்தில் ரெண்டு இடத்தில் பிடிமானக் குழாய் அடிக்க மகன்கிட்ட பென்சிலில் குறிச்சுக் கொடுத்தாங்க. கட்டில் காலுக்கு அடியில் வைக்க ரெண்டு செங்கல் எடுத்துட்டு வரச் சொன்னாங்க, உயரம் பத்தலையாம். அதுக்கப்புறம்தான், ‘ஆயா, இப்ப முட்டிக்கு மேலே பிடிக்கப் போறேன், சரிங்களா?’ன்னு கேட்டுட்டு, அந்தக் காலில் கை வெச்சாங்க.